மூன்று ராத்தல் தண்ணீர்

என் கணவர் ஜெயிக்காமலும் தோற்காமலும் வீடு திரும்பிய அந்தச் சனிக்கிழமைதான் என் வாழ்க்கையிலேயே நல்ல நாள் என்று சொல்வேன். கல்யாண நாள்கூட இரண்டாவதுதான். கல்யாணத்தன்று புதுச் செருப்பு கடித்து, கோயிலுக்குள் நொண்டிக்கொண்டு போனேன்.

அவர் சாந்தோமில் பையன்கள் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். நான் பக்கத்துக் கான்வென்ட்டில் மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். இரண்டு பேரும் அதே சாந்தோம் கோயில் பங்கில் ஞானஸ்நானம் வாங்கி, அதே பங்கில் கல்யாணம் செய்துகொண்டவர்கள். பள்ளிக்கூடம் விட்டால் அவர் கிளவுஸை மாட்டிக்கொண்டு குத்துச்சண்டைக்காரர் ஆகிவிடுவார். எடை நூற்றுப் பதினெட்டு ராத்தல்; பவுண்டை அப்போது அப்படித்தான் சொல்வோம். அந்த எடைக்காரர்களுக்குள் மூன்று வருஷமாக அவரை அடித்தவர் இல்லை. சாம்பியன் என்று பட்டம். அந்த எடைக்கு இங்கிலீஷில் ஒரு குட்டைச் சேவலின் பெயரை வைத்திருக்கிறார்கள் என்று அவரே ஒருநாள் சொன்னார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

குத்துச்சண்டையில் அவனவன் தன் எடை ஆளோடுதான் மோதவேண்டும் என்பது சட்டம். எனக்கு அந்த விளையாட்டில் பிடித்தது அது ஒன்றுதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏழாம் வகுப்புக் கணக்கைக் கொடுத்துவிட்டு, பார், இதற்குத் தெரியவில்லை என்று சொல்வதில் யாருக்கு என்ன பெருமை? ஆனால் ஊரில் ஒருத்தருக்கும் அந்தச் சட்டம் பிடிக்காது. சாம்பியன் என்றால் எவன் வந்தாலும் அடிக்கவேண்டும் என்பார்கள். அடி வாங்கப்போவது அவர்கள் இல்லையே.

முந்தின வருஷம் ஒரு சண்டையில் எதிராளியின் கட்டைவிரல் அவருடைய இடது கண்ணில் பட்டது. சண்டையில் அவர் ஜெயித்துவிட்டார். ஒரு வாரம் கழித்து, கண்ணோரத்தில் கறுப்பாக ஏதோ தொங்குகிற மாதிரி இருக்கிறது என்றார். மவுண்ட் ரோடில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். அவர் விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார். "இந்த விளையாட்டை விட்டுடறது நல்லது. விட முடியாதுன்னா உன் எடை ஆளோட நிறுத்திக்கோ. கனத்த ஆள் கையாலே இங்கே ஒண்ணு விழுந்தா இந்தக் கண் போயிடும்" என்றார்.

டாக்டர் வீட்டுப் படி இறங்கும்போதே, யாரிடமும் சொல்லக்கூடாது என்று என் கணவர் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். பெற்ற தாயிடம்கூடச் சொல்லக்கூடாது. டிரில் மாஸ்டருக்குக் கண் சரியில்லை என்று தெரிந்தால் வேலை என்ன ஆகும் என்பது ஒரு காரணம். வீம்பு இன்னொரு காரணம்; அதுதான் பெரியது. அதன் பிறகு தினமும் எழுந்ததும் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த மாதா காலண்டரில் தேதியைப் படிப்பார். படிக்க முடிந்தால் எழுந்து பல் தேய்க்கப் போவார். நான் தூங்குகிற மாதிரிப் படுத்துக்கொண்டு, அவர் பல் தேய்க்கிற சத்தம் கேட்கிறதா என்று காத்திருப்பேன்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தச் சிப்பாய் வந்து சேர்ந்தான். பல்லாவரத்தில் தங்கியிருந்த ஒரு பட்டாளத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய். நூற்று முப்பத்தாறு ராத்தல். தன் எடையில் இருந்த எல்லாரையும் அடித்து முடித்துவிட்டு, ஒரு பந்தயத்தில் மேடையில் நின்றபடியே, சாந்தோம் சாம்பியன் என் முன்னால் வருவானா என்று கேட்டான். என் கணவர் அந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் வாய் திறப்பதற்குள் நம் ஆட்கள் எழுந்து, வருவான் என்று கத்திவிட்டார்கள். வெள்ளைக்காரன் நாலு பேர் நடுவில் கேட்டபிறகு இல்லை என்று சொன்னால் சாந்தோமுக்கே தலைகுனிவாம்.

மறுநாளே வீட்டு வாசலில் ஆட்கள். கோயில் உபதேசியார் வந்தார். குப்பத்திலிருந்து ஒரு கட்டுமரக்காரர், என் கணவர் போட்ட சண்டை ஒன்றையும் விடாதவர், ஒரு முழு வஞ்சிர மீனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"அவனுக்குப் பதினெட்டு ராத்தல் ஜாஸ்தி" என்று நான் சொன்னேன்.

"அதுக்கு இன்னா டீச்சரம்மா? கடல்ல எறங்கிக்கினு, என் சைஸ் அலையா அனுப்புன்னு கேட்டுக்கினா கீறோம்?" என்றார் கட்டுமரக்காரர்.

உபதேசியார் தன் பங்குக்கு, பைபிளில் கவண்கல்லால் ராட்சதனை வீழ்த்திய ஆட்டிடையனை இழுத்தார். இழுப்பார் என்று எனக்குத் தெரியும். "அவன் தூர நின்னு கல் எறிஞ்சான், ஐயா. கிட்டே போய்க் குத்தலே. இவருக்கு ரிங்கிலே கவண் குடுப்பீங்களா?" என்றேன். கட்டுமரக்காரர் சிரித்துவிட்டார். உபதேசியார் என் மாமியாரைத் திரும்பிப் பார்த்தார். மருமகளுக்கு வாய் நீளம் என்று அதற்கு அர்த்தம்.

எல்லாரும் போன பிறகு, "கண்ணைப் பத்திச் சொல்லிடுங்க" என்று அவரிடம் கெஞ்சினேன்.

"இப்போ சொன்னா, பயந்துபோய்க் கண்ணைச் சாக்குச் சொல்றான்னுதான் பேசுவாங்க."

"பேசட்டுமே."

"நீ பேசட்டும்னு சொல்லிடுவே. இந்தத் தெருவிலே நான் நடக்கணும்" என்றார். அன்றைக்கு இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை. அவ்வளவு நல்ல வஞ்சிரம் அடுத்த வீட்டுக்குப் போயிற்று.

பந்தயக் கமிட்டியில் வயசான டாக்டர் ஒருவர் இருந்தார். அவர் மட்டும் பிடிவாதமாக ஒரு நிபந்தனை போட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் பதினாலு ராத்தலுக்கு மேல் வித்தியாசம் கூடாது. சண்டையன்று காலையில் தானே நிறுத்துப் பார்ப்பதாகவும், ஒரு ராத்தல் தவறினாலும் சண்டை கிடையாது என்றும் சொன்னார். சிப்பாய் நூற்று முப்பத்திரண்டுக்கு இறங்கி வருகிறேன் என்று ஒப்புக்கொண்டான். இவர் நூற்றுப் பதினெட்டுக்குக் குறையாமல் நிற்கவேண்டும். எப்போதும் இருக்கிற எடைதானே, அதில் என்ன கஷ்டம் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். பதினெட்டு பதினாலாகக் குறைந்ததில் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் ஒரு கண்ணைப் பறிக்கப் பதினாலே போதும்.

சண்டைக்குப் பத்து நாள் இருக்கும்போது, மகன் ஜெயிக்கவேண்டும் என்று என் மாமியார் மாதாவுக்குப் பொருத்தனை செய்துகொண்டார். அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. ஒன்பது நாள் நவநாள். ஒன்பது நாளும் மகன் ஒருசந்தி இருக்கவேண்டும். மத்தியானம் ஒரு வேளைதான் சாப்பாடு, அதிலும் மீன், முட்டை, இறைச்சி கிடையாது. ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. அன்றைக்கு வெறுங்காலோடு பரங்கிமலைக்கு நடந்து, மலையேறிக் கும்பிட்டு இறங்கும்வரை அவன் தண்ணீர்கூடத் தொடக்கூடாது. மறுநாள் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு இந்தச் சண்டைக்கென்றே ஒரு பூசை. அதில் அவன் நன்மை, அதாவது சாமியார் நாக்கில் வைக்கிற அப்பம், வாங்கவேண்டும். சாயங்காலம் சண்டை. ஊரே சேர்ந்துகொண்டு ஒருசந்தி இருந்தது. கட்டுமரக்காரர் இந்து, அவரும் மாதாவுக்காக ஒன்பது நாள் கள்ளை விட்டார்.

எட்டு வருஷமாகத் தன் வாய்க்குள் போகிற ஒவ்வொரு கவளத்தையும் எடை பார்த்தே தின்றவர் என் கணவர். அவர் அம்மா சொன்ன பொருத்தனைக்கு மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். பயத்தில் பக்தி வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் காலையில் அவர் பெல்ட்டை ஒரு துளை உள்ளே தள்ளி மாட்டுவதைப் பார்த்தேன். எனக்குக் கணக்குத்தானே தொழில். வகுப்பில் பிள்ளைகள் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு சிலேட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். நாலு நாளில் ஒரு துளை என்றால் ஒன்பது நாளில் எவ்வளவு? சித்திரை வெயிலில் பரங்கிமலைக்குப் போக ஏழு மைல், வர ஏழு மைல், வேர்வையில் எவ்வளவு போகும்? விடை நூற்றுப் பதினெட்டுக்குக் கீழே வந்ததும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு முந்தானையால் சிலேட்டைத் துடைத்தேன். சந்தோஷத்தில் அன்றைக்கு ஒரு பிள்ளையையும் திட்டவில்லை.

பாக்கி ஐந்து நாளும், யாராவது கண்டுபிடித்துவிடப் போகிறார்களே என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாந்தோமில் அப்போது ஆளுக்கு ஆள் பாக்ஸிங் நிபுணர். ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவர்களுக்கு எடை என்றால் சிப்பாயின் எடைதான். அவன் இறங்கினானா என்று பல்லாவரத்துக்கே ஆள் அனுப்பி விசாரித்தார்கள். வீட்டுக்குள் தங்கள் ஆள் இறங்கிக்கொண்டிருப்பதை யாரும் பார்க்கவில்லை. பொருத்தனை ஒழுங்காக நடக்கிறதா என்று மட்டும் தினமும் வந்து கேட்டுவிட்டுத் திருப்தியோடு போனார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் நாற்பது பேர் போலப் புறப்பட்டோம், பாட்டும் ஜெபமாலையுமாக. அடையாற்றுப் பாலம் தாண்டும்போதே காலடியில் தரை சுட்டது. கிண்டிக்கு முன்னால் யாரோ ஒரு மகராசன் தண்ணீர்ப் பந்தல் போட்டு நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். தண்ணீர் தொடக்கூடாது என்பது என் கணவருக்கு மட்டும்தான், அதனால் மற்றவர்கள் எல்லாரும் குடித்தோம். நான் இரண்டு குவளை குடித்தேன். அவர் கைகூப்பிவிட்டு நடந்தார். உதடு வெடித்திருந்தது. எனக்கு நெஞ்சு கேட்கவில்லை. குடிங்க என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. கூடவே அந்தக் கண் டாக்டர் சொன்னதும் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன். புருஷன் தாகத்தோடு நடப்பதைப் பார்த்துக்கொண்டே மோர் குடித்தவள் நான். அதை மறைப்பதற்கில்லை.

மலையிறங்கியதும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். ஒன்றே ஒன்று. சாயங்காலம் வீடு திரும்பி, உள்ளங்கால் கொப்புளங்களோடு அப்படியே படுத்துவிட்டார். அந்த நாளில் நன்மை வாங்குகிறவர்கள் நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தொடக்கூடாது. அதற்கு முன்னால் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். நான் ஒரு பெரிய செம்பு நிறைய மொண்டு அவர் தலைமாட்டில் வைத்தேன். என் கடமையைச் செய்துவிட்டேன் என்று மாதாவிடம் சொல்லிக்கொள்ளத்தான். குடிங்க என்று மட்டும் சொல்லவில்லை. காலையில் பார்த்தபோது செம்பு விளிம்புவரை அப்படியே இருந்தது. பாவம், களைப்பில் தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

ஏழு மணிக்குப் பள்ளிக்கூட வராந்தாவில், மூட்டை நிறுக்கிற மெஷினைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். டாக்டரும் கமிட்டிக்காரர்களும் மெஷின் பக்கத்தில். வெளியே ஊரும் குப்பமும். சிப்பாய் முதலில் ஏறினான். சரியாக நூற்று முப்பத்திரண்டு. நான் அவனைக் கிட்டத்தில் பார்த்தது அப்போதுதான். எடையை இறக்கப் பட்டினி கிடந்து கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பூசைக்குப் பிறகு எல்லாருக்கும் கொடுப்பதற்காகப் பங்குச் சாமியார் வீட்டில் ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். வாசனை வந்த பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான். அவன்மேல் எனக்கிருந்த கோபம் பாதி அங்கேயே போயிற்று.

அடுத்து என் கணவர் ஏறினார். டாக்டர் நூற்றுப் பதினெட்டில் குண்டை வைத்தார். தண்டு எழும்பவில்லை. குண்டைப் பின்னால் நகர்த்தினார். பதினேழு. பதினாறு. நூற்றுப் பதினைந்தில்தான் தண்டு எழுந்து, ஆடி, நின்றது.

"பதினேழு ராத்தல் வித்தியாசம். சண்டை கிடையாது" என்றார் டாக்டர்.

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனால் டாக்டர் நியாயஸ்தர், அதுதான் தொல்லை. கடிகாரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "எட்டு மணிவரை நேரம் தரேன். எதையாவது சாப்பிட்டோ குடிச்சோ ஏறி நிக்கட்டும், மறுபடி நிறுக்கறேன். எட்டு அடிச்சா மெஷினைத் தூக்கிடுவேன்" என்றார்.

கட்டுமரக்காரர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு என்னிடம் வந்தார். "டீச்சரம்மா, கணக்கு போட்டுச் சொல்லும்மா. எத்தினி சொம்பு தண்ணி குடிச்சா மூணு ராத்தல் ஏறும்?"

"ஒன்றரை செம்பு" என்றேன். எனக்குக் கணக்கில் பொய் சொல்ல வராது.

"அவ்ளோதானா? தோ வந்துட்டேன்" என்று ஓடி, ஒரு குடத்தையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஒன்றரை செம்புத் தண்ணீர். அவ்வளவுதான் அவருடைய கண்ணுக்கும் அந்தச் சிப்பாயின் கைக்கும் நடுவில் இருந்தது.

அப்போது என் மாமியார் குறுக்கே வந்து நின்றார். "தண்ணி குடிச்சா எப்படி நன்மை வாங்குவான்?"

வராந்தா இரண்டாகப் பிரிந்தது. குடிக்கட்டும், நன்மையை நாளைக்கு வாங்கிக்கொள்ளட்டும் என்றார்கள் கமிட்டிக்காரர்கள். "ஒம்போது நாளா ஊரே ஒருசந்தி இருந்தது இந்தப் பூசைக்குத்தான். கடைசியிலே பொருத்தனையை உடைச்சுட்டு ரிங்கிலே ஏறினா மாதா எப்படிக் கூட நிப்பாங்க?" என்றார் மாமியார். உபதேசியார் இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டினார். பூசைக்குத் தயாராகிக்கொண்டிருந்த சாமியாரைக் கூட்டிவந்தார்கள். "குடின்னும் சொல்லமாட்டேன், குடிக்காதேன்னும் சொல்லமாட்டேன். குடிச்சா இன்னிக்கு நன்மை இல்லே, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். பூசை முடிந்ததும் குடித்துவிட்டு வரட்டும், ஒரு மணி நேரம் பொறுங்கள் என்று டாக்டரைக் கெஞ்சினார்கள். அவர் கடிகாரத்தைக் காட்டினார். தேதியை மாற்றவும் வழியில்லை. சிப்பாயின் பட்டாளம் திங்கட்கிழமை வடக்கே புறப்படுகிறது.

இத்தனை நேரமும் என் கணவர் மெஷின் மேலேயே நின்றுகொண்டிருந்தார். கட்டுமரக்காரர் செம்பை நீட்டினார். அவர் வாங்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நீ சொல்லு" என்றார்.

அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். பாதி ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிந்தி வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பிரசங்கத்தில் கொட்டாவி விடுகிறவள் நான். என் மாமியார் இதைப் பங்கு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அன்றைக்குச் சாந்தோமில் என்னைவிடப் பெரிய பக்தை கிடையாது.

"முதல்லே பூசை. மத்ததெல்லாம் அப்புறம்" என்றேன்.

மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். எட்டு வருஷத்தில் அவர் அப்படிப் பிடித்தது அதுதான் முதல் தடவை. கட்டுமரக்காரர் செம்புத் தண்ணீரைத் தன் தலையிலேயே கவிழ்த்துக்கொண்டு, "போ நைனா, போய் சாமி கும்பிட்டுக்கினு வா" என்றார். கோயில் மணி அடித்தது. டாக்டர் மெஷினைத் தூக்கச் சொன்னார்.

பூசையில் முழங்காலில் இருந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. கண் தப்பியது, கண் தப்பியது என்பதைத் தவிர வேறு ஜெபம் வாயில் வரவில்லை. புருஷனுக்குச் சண்டை போய்விட்ட துக்கம் என்று நினைத்துப் பக்கத்திலிருந்தவர்கள் என் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். தடவட்டும் என்று விட்டுவிட்டேன். நன்மை வாங்க நாக்கை நீட்டும்போது மட்டும் கொஞ்சம் பயமாக இருந்தது.

வெளியே வந்தால், சிப்பாய் சாமியார் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து ஆப்பம் தின்றுகொண்டிருந்தான். பதினொன்று வரைக்கும் எண்ணினேன். என் கணவரைப் பார்த்ததும் எழுந்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு குலுக்கினான். இங்கிலீஷில் ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று பிறகு கேட்டேன். இரண்டு வாரமாக ராத்திரி கனவில் ரொட்டிதான் வந்ததாம்.

மறுநாள் பிரசங்கத்தில் சாமியார், புகழைவிட நன்மைதான் பெரிது என்று காட்டிய டிரில் மாஸ்டரைப் பற்றிப் பேசினார். நான் தலையை நிமிர்த்தவில்லை. உபதேசியார் அதன் பிறகு, எடைக்கு எடை என்பது சட்டம், சட்டத்தை மீறலாமா என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். என் கணவர் மறுபடி ரிங்கில் ஏறவில்லை. மாதாவுக்குக் கொடுத்துவிட்டேன் என்றார்; யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வருஷா வருஷம் காலண்டர் மாறியது. காலையில் தேதியைப் படித்துவிட்டுப் பல் தேய்க்கப் போவது மட்டும் மாறவில்லை.

அதெல்லாம் பிறகு. அந்தச் சனிக்கிழமை நாங்கள் இருவரும் வீட்டுக்குள் நுழைந்ததும், அவர் நேராகப் போய்த் தலைமாட்டிலிருந்த செம்பை எடுத்தார். அண்ணாந்து, கீழே வைக்காமல், ஒரு சொட்டுவிடாமல் குடித்தார். ஏதாவது சொல்லவேண்டுமே என்று, வருத்தப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "ராத்திரி தூங்கிட்டீங்க, பாவம். அப்பவே இதைக் குடிச்சிருந்தா எடை வந்திருக்கும்" என்றேன்.

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நான் தூங்கலே" என்றார். "நீ கொண்டுவந்து வச்சதைப் பார்த்துக்கிட்டுத்தான் படுத்திருந்தேன். நீ ஏன் குடிங்கன்னு சொல்லலே?"

அவருடைய இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தேன். செம்பை வாங்கிக்கொண்டு போய் மறுபடி நிரப்பிக்கொண்டு வந்தேன்.

"குடிங்க" என்றேன்.